அரை பேர்

தலவாக்கலையில் காலை ஏழு மணி.
பனி கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது.
உள்ளே எப்போதும் இருபத்தைந்து பாகை.
முகமூடி, கையுறை, ஸ்பிரிட் வாசம், நீலச் சுடர்.
குப்பிகளுக்குள் தேயிலை
தேயிலையாக இல்லாமல் கிடக்கிறது:
வேரில்லை, இலையில்லை, மேல் கீழ் இல்லை,
நனைந்த ரொட்டித் துணுக்கைப் போல் ஒரு மஞ்சள் கட்டி.

ஆக்சினை நான்தான் அளந்து ஊற்றுகிறேன்.
லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம்.
அவ்வளவு போதும்
ஓர் இலை தான் இலை என்பதை மறக்க.

மறக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது.
டி.என்.ஏ.யின் நீளத்தில் பாதிக்கு மேல்
படுத்துக்கிடக்கும் தாவும் துண்டுகள்,
வாயில் மெதைல் பூட்டு,
யுகக்கணக்கில் பேசாதவை.
ஹோர்மோன் வந்து தட்டினால் சில பூட்டுகள் கழன்றுவிடும்.
ஒன்று தன்னைப் படியெடுத்து
வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
யாரையும் கேட்காமல்,
பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்காமல்.

"எல்லாம் கள்ளர்கள்" என்பாள் துஷாரிகா.
"படியெடுப்பவன் எப்படிக் கள்ளன்?
மூலம் அங்கேயேதான் இருக்கு."
அவள் தமிழும் என் சிங்களமும்
இந்த இடத்தில் தீர்ந்துபோகும்.
மீதியை ஜெல்லில் பார்ப்போம்.

மார்ச்சில் பார்த்தோம்.
நாற்பத்தொன்றாம் குப்பியின் கன்றில்
ஒரு கோடு கூடுதல்.
மற்றக் கோடுகளுக்குக் கீழே, மெல்லியது;
பஸ் ஆசனத்தில் யாரோ
இடம் பிடிக்கக் கைக்குட்டை போட்டதுபோல்.

அன்று பின்னேரம் மலைக்குப் போனேன்.
மாதிரி எடுக்க:
கிள்ளிய ஐந்து நிமிடத்தில், முப்பதில், ஒரு மணியில்,
கிள்ளாத செடியில் ஒன்று.
காயம்பட்ட இலையில் ஜாஸ்மோனேட் ஊறும்.
மல்லிகை வாசத்திலும் அதன் உறவு ஒன்று உண்டு.
ஏழு நாளைக்கு ஒரு தடவை கிள்ளப்படும் செடிக்கு
வருடத்தில் ஐம்பது தடவை செய்தி போகிறது:
வெட்டுகிறார்கள், எழும்பு.
யார் எழும்புகிறார்கள் என்றுதான்
எனக்குத் தெரியவேண்டும்.

செல்லபாக்கியம் தன் நிரையை விட்டு விலகாமல் கேட்டாள்:
"என்னத்த தேடுறீங்க அதுக்குள்ள?"
"இடம் மாறுறத."
"மாறுனா?"
"இலையில வெள்ளை விழலாம். குளிர் தாங்கலாம்.
ஒண்ணுமே ஆகாமலும் போகலாம்."
சங்கு ஊதியதும் கொழுந்து நிறுத்தார்கள்.
அவளுக்கு இரண்டு கிலோ குறைவு.
அரை பேர்.

எனக்கு அந்த உவமை வேண்டாம்.
கப்பலேறியவர்களை, லயத்து நம்பர் மாறியவர்களை
ஒரு மரபணுத் துண்டோடு சேர்த்துப் பேசினால்
மண்டபத்தில் கைதட்டுவார்கள்.
துண்டுக்குப் பசிக்காது.
அது அடையாள அட்டைக்காக
நுவரெலியாக் கச்சேரியில் நிற்காது.
அப்பா நின்றார், மூன்று தடவை.
அது வேறு கணக்கு.

ஆனாலும் நாற்பத்தொன்று.
"வகை பிறழ்ந்தவற்றை அழிக்கவும்" என்கிறது சுற்றுநிருபம்.
ஓட்டோகிளேவ், நூற்றிருபத்தொரு பாகை, இருபது நிமிடம்.
மற்ற ஆறு குப்பிகளையும் அடுக்கி மூடினேன்.
இதை மட்டும் தவறணைக்குக் கொண்டுபோய்
நிழல்வலைக்கடியில் ஊன்றினேன்.
பதிவேட்டில்,
பெயர்: 41.
கோடு எதனால் வந்தது: ஊகம் உண்டு.
எங்கே போய் இருக்கிறது: தெரியாது.
கையொப்பம் என்னுடையது.

ஓகஸ்டில் மூன்றாம் இலை விரிந்தது.
நடுநரம்புக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று,
நகம் பட்ட அளவு.
துஷாரிகா வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.
கிள்ளிப் பார்ப்போமா என்றாள்.
இன்னும் வேண்டாம் என்றேன்.